கேட்காமல் கொடுத்த கடனுக்குக் கட்டணம் வாங்கலாமா?

கேள்வி: சென்ற மாதம் எனக்குச் சம்பளம் ஒரு நாள் தாமதமாக வந்தது. அந்த ஒரு நாளில் கைப்பேசி, மின்சாரம், காப்பீடு ஆகிய மூன்று சிறு தொகைகள் காலையிலும், வீட்டு வாடகை மாலையிலும் என் கணக்கிலிருந்து தானாகப் போயின. கணக்கில் இருந்த பணம் மூன்று சிறு தொகைகளுக்குப் போதுமானதாக இருந்தது, வாடகைக்குத்தான் குறைந்தது. ஆனால் கணக்கறிக்கையில் வாடகை முதலில் கழிக்கப்பட்டதாகவும், மற்ற மூன்றும் இருப்பு இல்லாத கணக்கிலிருந்து போனதாகவும் காட்டி, இருப்புக்கு மேல் பணம் போனதற்காக என்று வங்கி மூன்று மிகைப்பற்றுக் கட்டணங்களைப் பிடித்துக்கொண்டது. அதே மாதம் கடன் அட்டையில் வட்டியும் ஆண்டுக் கட்டணமும் சேர்ந்ததால் நிலுவை வரம்பைச் சிறிதளவு தாண்டியது. அதற்கு ஒரு வரம்பு மீறல் கட்டணம். நான்கையும் கூட்டினால் எனக்குக் குறைந்த தொகையைவிட அதிகமாக வருகிறது. "கணக்குப் பார்த்துச் செலவு செய்யாதது உன் தவறு, வங்கியைச் சொல்லிப் பயனில்லை" என்கிறார் என் அண்ணன். இது நியாயந்தானா? திரும்பக் கேட்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். முதல் கேள்விக்கு விடை சற்று நீளமானது. உங்களிடம் பிடிக்கப்பட்ட நான்கு கட்டணங்களில் ஒன்றை மட்டும், அதுவும் தொகையைக் குறைத்த பிறகு, நியாயமானது என்று ஏற்கலாம். மற்ற மூன்றுக்கும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கான காரணங்களை நீங்களும் உங்கள் அண்ணனும் சேர்ந்து எடைபோட்டுப் பார்க்கும்படி விரிவாக எழுதுகிறேன். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை என்பதால், தமிழர்கள் பெருமளவில் வாழும் சில நாடுகளின் விதிகளை இடையிடையே குறிப்பிடுகிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒரு வங்கியில் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகே வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு ஆலோசனை சொல்லும் பக்கத்துக்கு வந்தேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில், ஒருவருடைய கணக்கில் காசோலைக்குப் போதிய பணம் இல்லையென்றால், பேரேட்டைப் பார்க்கும் எழுத்தர் அதை மேலாளரிடம் கொண்டுபோவார். மேலாளர் அந்த மனிதரைத் தெரிந்தவராக இருப்பார். தொலைபேசியில் அழைத்து, "இன்று மாலைக்குள் இவ்வளவு கட்டிவிடுங்கள்" என்பார். பெரும்பாலும் பணம் வந்துவிடும். காசோலையைக் கடந்துபோக விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது ஒரு மனிதர் தன் பொறுப்பில் எடுக்கும் முடிவாக இருந்தது. அதற்கு வாங்கிய கட்டணம் அந்த வேலைக்கான கூலியைத் தாண்டியதில்லை. பின்னர் கணினி வந்தது. அந்த முடிவு ஒரு நொடியில், யாருடைய கைக்கும் வராமலே நடந்தது. வேலை குறைந்ததால் கட்டணமும் குறைந்திருக்க வேண்டும். அது ஏறியது. கிளைகளின் வருமானக் கணக்கில் அந்தக் கட்டணத்துக்கு என்று தனி வரி ஒன்று வந்து, ஆண்டுதோறும் அது எவ்வளவு வளர்ந்தது என்று கேள்வி கேட்கப்பட்டதைக் கூட்டங்களில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் பிழை வங்கியின் வருமான இலக்காக மாறும்போது, அந்தப் பிழை நேராமல் தடுக்க வங்கிக்கு என்ன அக்கறை இருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

மிகைப்பற்று என்ற வசதி பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. 1728-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து வணிகர் வில்லியம் ஹாக் என்பவருக்கு, தன் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி அளித்தது. சரக்கு வாங்கப் பணம் போக வேண்டிய நாளுக்கும், விற்ற சரக்குக்குப் பணம் வர வேண்டிய நாளுக்கும் இடையில் இருந்த இடைவெளியை அடைக்கவே அவருக்கு அந்த ஏற்பாடு தேவைப்பட்டது. உங்களுக்கு நேர்ந்ததும் அதே இடைவெளிதான்: வாடகை உரிய நாளில் போனது, சம்பளம் ஒரு நாள் பிந்தியது. ஆனால் வில்லியம் ஹாக் தாமே கேட்டார், வங்கி ஒப்புக்கொண்டது, எல்லையைச் சொன்னது. நீங்கள் கேட்கவில்லை. உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

இதில் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை நாம் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். முன்கூட்டியே பேசி முடிவு செய்த மிகைப்பற்று ஒரு கடன். எடுத்த தொகைக்கும் எடுத்த நாள்களுக்கும் வட்டி வாங்குவதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. பணம் இல்லாத கணக்கின் மீது வந்த காசோலையையோ தானியங்கிப் பற்றையோ வங்கி திருப்பி அனுப்புவது வேறு. அங்கே வங்கி கடன் எதுவும் கொடுப்பதில்லை, ஒரு சிறு நிர்வாக வேலையைச் செய்கிறது, அந்த வேலையின் செலவை மட்டும் கேட்கலாம். மூன்றாவது, உங்களுக்கு நேர்ந்தது: நீங்கள் கேட்காமலே வங்கி தன் பணத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கொடுத்த தொகை எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கே இல்லாமல் ஒரு நிலையான தொகையை எடுத்துக்கொள்வது. கடனின் விலை என்பது கடனோடு கூடவும் குறையவும் வேண்டும். ஒரு நாளுக்கும் முப்பது நாளுக்கும் ஒரே விலை, சிறு தொகைக்கும் பெருந்தொகைக்கும் ஒரே விலை என்றால், அதை விலை என்று சொல்வதைவிடத் தண்டம் என்று சொல்வதே பொருந்தும்.

வங்கிகளின் பக்கத்து வாதங்களைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. அவற்றை நானே பல வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஈடு எதுவும் இல்லாமல், விண்ணப்பமும் இல்லாமல் கொடுக்கும் பணம் திரும்பி வராமல் போகலாம், அந்த இடருக்கு விலை உண்டு என்பார்கள். வாடகை திரும்பிப் போயிருந்தால் வீட்டு உரிமையாளர் முன் உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் தலைகுனிவையும், அவர் விதிக்கக்கூடிய தாமதக் கட்டணத்தையும் தவிர்த்துக் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். கட்டணம் கடுமையாக இருந்தால்தான் மக்கள் கவனமாக இருப்பார்கள் என்றும் சொல்வார்கள். இவற்றில் இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. நான்கில் ஒன்றை ஏற்கலாம் என்று நான் சொன்னதும் அதனால்தான். வாடகை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது, அதனால் உங்களுக்கு நன்மை விளைந்தது, அந்த நன்மைக்கு ஒரு நாள் வட்டியும் சிறிது நிர்வாகச் செலவும் கொடுப்பதில் தவறில்லை.

இடர் பற்றிய வாதம் எண்களின் முன் நிற்பதில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் பெரிய வங்கிகளின் கணக்குகளை ஆராய்ந்தபோது, மிகைப்பற்றுக் கட்டணத்துக்குக் காரணமான டெபிட் கார்டுச் செலவுகளில் பெரும்பாலானவை 24 டாலரோ அதற்குக் குறைவோ என்றும், கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மூன்று நாள்களுக்குள் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்றும் கண்டது. அதற்கு வாங்கப்பட்ட கட்டணத்தின் நடுமதிப்பு 34 டாலர். 24 டாலரை மூன்று நாளுக்குக் கொடுத்து 34 டாலர் வாங்கினால், ஆண்டு வட்டியாக அது 17,000 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த வட்டிக்கு ஒருவர் வெளிப்படையாகக் கடன் கொடுத்தால் நாம் அவரை என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்று நான் எழுத வேண்டியதில்லை. சம்பளம் நாளை வந்துவிடும் கணக்கில் ஒரு நாளுக்குப் பணம் போடுவது வங்கி செய்யும் கடன்களிலேயே மிகவும் பாதுகாப்பான ஒன்று. ஏனெனில் சம்பளம் வந்தவுடன் முதலில் எடுத்துக்கொள்வது வங்கிதான்.

கவனமாக இருக்கச் செய்யும் கட்டணம் என்ற வாதமோ தன்னையே மறுத்துக்கொள்கிறது. பயமுறுத்தித் தடுப்பதற்காக வைத்த கட்டணம் வேலை செய்திருந்தால், அதிலிருந்து வருமானம் வற்றியிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க வங்கிகள் மிகைப்பற்றுக் கட்டணங்களாகவும், பணமில்லை என்று திருப்பி அனுப்பியதற்கான இருப்பின்மைக் கட்டணங்களாகவும் ஈட்டியது ஏறத்தாழ 1,547 கோடி டாலர். அதே அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் கட்டணங்களில் ஏறத்தாழ 79 சதவீதத்தைச் செலுத்தியவர்கள் வெறும் 9 சதவீதக் கணக்குகளுக்கு உரியவர்கள். அதாவது ஆண்டுக்குப் பத்து முறைக்கு மேல் இந்தப் பள்ளத்தில் விழுபவர்கள். பிரிட்டனில் இன்னும் கூர்மையான எண் கிடைத்தது. 2016-இல் முன்னேற்பாடு இல்லாத மிகைப்பற்றுக் கட்டணங்களில் பாதிக்கு மேல் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தன என்று அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் கண்டறிந்தது. கட்டணம் கட்டிக் கட்டியே அடுத்த மாதமும் பற்றாக்குறையில் தொடங்குபவரை அதே கட்டணத்தால் திருத்திவிடலாம் என்று நம்புவது, வழுக்கி விழுந்தவரின் கைத்தடியைப் பறித்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கச் சொல்வதைப் போன்றது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய செய்திக்கு வருகிறேன். காலையில் போன சிறு தொகைகள் மாலையில் போன வாடகைக்குப் பின்னால் எழுதப்பட்டன என்கிறீர்கள். இது தற்செயல் அல்ல. ஒரு கணக்கில் 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 10, 20, 30 என்று மூன்று பற்றுகள். மாலையில் 90 என்று ஒரு பற்று. வந்த வரிசையில் கழித்தால் முதல் மூன்றும் போக 40 மிஞ்சும். 90 வரும்போது மட்டும் 50 குறையும். ஒரே ஒரு கட்டணம். பெரியதிலிருந்து சிறியதாக மாற்றிக் கழித்தால், 90 போக 10 மிஞ்சும், அதற்குப் பின் வரும் 30, 20, 10 ஆகிய மூன்றுமே பணமில்லாத கணக்கைத் தொடும், மூன்று கட்டணங்கள். இரண்டு வழியிலும் மொத்தச் செலவு 150, பற்றாக்குறை 50. வாடிக்கையாளர் செய்ததில் ஒரு மாற்றமும் இல்லை. வங்கி தன் பக்கத்தில் வரிசையை மாற்றியதால் மட்டுமே கட்டணம் மூன்று மடங்காகிறது. முக்கியமான பெரிய தொகைகள் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே பெரியதை முதலில் எடுக்கிறோம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. நான்கையுமே வங்கி கொடுத்துவிடும் நிலையில் அந்த விளக்கத்துக்குப் பொருளே இல்லை.

இந்த வரிசை மாற்றம் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 2010-இல் கலிஃபோர்னியாவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு எதிரான வழக்கில் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஆல்சப், பெரியதிலிருந்து சிறியதாகக் கழித்த முறையின் நோக்கம் கட்டணங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே என்று கண்டு, வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 20.3 கோடி டாலர் திருப்பித் தர உத்தரவிட்டார். எனவே உங்கள் புகாரின் முதல் வரியே வரிசையைப் பற்றியதாக இருக்கட்டும். ஒவ்வொரு பற்றும் எந்த நேரத்தில் வந்தது, எந்த நேரத்தில் கணக்கில் எழுதப்பட்டது, வரிசையைத் தீர்மானிக்கும் விதி ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய் அல்லவா" என்று உங்கள் அண்ணன் கேட்கக்கூடும். போட்டீர்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டது என்று அவர் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு வாங்கலாம், ஆனால் அச்சுறுத்துவதற்காக அளவுக்கு மீறிய தண்டத்தை வாங்கக் கூடாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை; 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. இதைத் தாண்டிச் செல்லப் பல வங்கிகள் கண்ட வழி, பற்றாக்குறையை மீறல் என்றே சொல்லாமல் விட்டதுதான். கணக்கில் இல்லாத பணத்தைச் செலுத்தச் சொல்வதையே ஒரு கடன் விண்ணப்பமாகக் கருதுவோம், அந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்த சேவைக்கே இந்தக் கட்டணம் என்று எழுதிவிட்டால், தண்டம் என்ற கேள்வியே எழாமல் போகிறது. ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமல், வாடகை தானாகப் போன அந்த மாலையில், நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்தவராக எழுதப்பட்டிருக்கிறீர்கள்.

பிரிட்டனில் இந்த விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழு வங்கிகளுக்கும் ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் எதிராக, நுகர்வோர் நலனைக் கண்காணித்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம் தொடுத்த வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அலுவலகத்துக்குச் சாதகமாகச் சொல்லியிருக்க, 2009 நவம்பர் 25-இல் உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்காதவர்கள், கட்டணங்கள் நியாயமானவை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக இன்றும் பேசுகிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கட்டணங்கள் கணக்குச் சேவைகளுக்கான விலையின் ஒரு பகுதி, விலை அதிகமா குறைவா என்று அளந்து பார்க்கும் அதிகாரத்தை அன்றைய விதிகள் அந்த அலுவலகத்துக்குத் தரவில்லை என்று மட்டுமே சொன்னது. ஆஸ்திரேலியாவிலும் இதை ஒத்த கதைதான். கடன் அட்டையின் தாமதக் கட்டணமாக 35 டாலர் வரை வாங்கிய ஒரு வங்கிக்கு உண்மையில் ஏற்பட்ட செலவு சில டாலர்களே என்று 2014-இல் முதல் நிலை நீதிபதி கண்டார். ஆனாலும் வங்கி தன் பரந்த வணிக நலன்களைக் காத்துக்கொள்ள அந்தத் தொகையை வைத்ததில் தவறில்லை என்று 2016-இல் அந்நாட்டின் இறுதி நீதிமன்றமான உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டப்படி செல்லும் என்பதும் நியாயமானது என்பதும் வேறு வேறு. நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டாவதை.

வரம்பு மீறல் கட்டணத்தைப் பற்றி நான் இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. கடன் அட்டையின் வரம்பை வைத்தவர் வங்கி. அதைத் தாண்டும் செலவை மறுக்கும் வசதியும் வங்கியிடமே இருக்கிறது. தானே வேலி போட்டு, தானே கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்ததற்குக் கட்டணம் கேட்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. உங்கள் நிலையில் இன்னும் மோசம்: நீங்கள் எதையும் வாங்கவில்லை, வங்கி எழுதிய வட்டியும் வங்கி எழுதிய ஆண்டுக் கட்டணமுமே நிலுவையை வரம்புக்கு மேல் தள்ளின. அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்டு 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கடன் அட்டைச் சட்டம், வாடிக்கையாளர் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய இந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்றது. அதன்பின் அங்கே வரம்பு மீறல் கட்டணம் அநேகமாக மறைந்தே போயிற்று. சம்மதிக்கிறீர்களா என்று நேராகக் கேட்க வேண்டும் என்று ஆனபோது, பெரும்பாலான வங்கிகள் அப்படிக் கேட்பதைவிடக் கட்டணத்தையே கைவிட்டன. எனக்குத் தெரிந்த சான்றுகளில் இதைவிட வலுவானது வேறில்லை. இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கடன் அட்டை வழிகாட்டுதல், அட்டைதாரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வரம்பு எந்த நேரத்திலும் மீறப்படக் கூடாது என்கிறது. நீங்கள் இந்தியாவில் இருந்தால், அந்த ஒப்புதலை எப்போது, எந்த வடிவில் கொடுத்தீர்கள் என்று காட்டும்படி கேளுங்கள். அதைக் காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

உங்கள் அண்ணனின் சொல்லை நான் புறந்தள்ளவில்லை. சம்பள நாளுக்கும் வாடகை நாளுக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் வைத்தது உங்கள் பக்கத்துக் குறை. அதை ஒப்புக்கொள்வதில் உங்களுக்கு இழுக்கில்லை. ஆனால் ஒரு தவறு நேர்ந்தது என்பதால் அதற்கு எந்த அளவில் வேண்டுமானாலும் தண்டனை தரலாம் என்று ஆகிவிடாது. அவருடைய வாதத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கவனமாக இருக்கும் வாடிக்கையாளரின் கணக்கை வங்கி கட்டணமின்றி நடத்திக் கொடுக்க முடிவதற்கு ஒரு காரணம், தவறியவர்களிடம் வாங்கும் பணம். மாதக் கடைசியில் கையில் மிச்சம் இருப்பவருடைய கணக்குச் செலவை மிச்சம் இல்லாதவர் ஏற்கும் ஏற்பாடு இது. இதைச் சொன்னால் வசதியுள்ள நண்பர்கள் சிலருக்குச் சற்று வருத்தம் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நியாயமான வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் நீதிமன்றத்தால் முடியாததை ஒழுங்குமுறை அமைப்பான நிதி நடத்தை ஆணையம் செய்தது: 2020 ஏப்ரல் 6 முதல் மிகைப்பற்றுக்கு நிலையான கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது, ஒரே ஆண்டு வட்டி விகிதமாகச் சொல்ல வேண்டும், முன்னேற்பாடு இல்லாத மிகைப்பற்றின் வட்டி முன்னேற்பாடு செய்ததன் வட்டியைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்று விதித்தது. உடனே பல வங்கிகள் வட்டியை ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு உயர்த்தின. ஒழுங்காக முன்னேற்பாடு செய்து பயன்படுத்திவந்த சிலருக்குச் செலவு கூடியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் 40 சதவீதம் என்பது கண்ணுக்குத் தெரியும் எண். ஒரு நாளுக்கு 100 பவுண்டு எடுத்தால் ஏறத்தாழ 11 பென்ஸ் ஆகும் என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். கனடாவில் இருப்பின்மைக் கட்டணத்துக்கு 10 டாலர் உச்சவரம்பு 2026 மார்ச் 12 முதல் நடைமுறைக்கு வரும்படி விதி செய்யப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்துக்கு 2015 ஏப்ரல் முதல் வகுத்த விதியும் இதே நோக்கமுடையது: வாடிக்கையாளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும், இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும், கட்டணம் குறைந்த தொகையின் விகிதத்தில் இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தாலேயே கணக்கு எதிர்மறைக்குப் போகக் கூடாது. முன்னறிவிப்பு, அவகாசம், அளவு ஆகிய இந்த மூன்றும் இருந்தால் நான் எந்தக் கட்டணத்தையும் எதிர்க்க மாட்டேன்.

எல்லா இடங்களிலும் காற்று ஒரே திசையில் வீசவில்லை. அமெரிக்காவில் 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளின் மிகைப்பற்றுக் கட்டணத்தை 5 டாலர் அளவுக்குக் குறைக்க 2024 டிசம்பரில் இறுதி செய்யப்பட்ட விதி, நடைமுறைக்கு வருமுன்னரே 2025 மே மாதத்தில் நாடாளுமன்றத் தீர்மானத்தால் நீக்கப்பட்டது. இருந்தும் கேப்பிட்டல் ஒன், சிட்டி போன்ற பெரிய வங்கிகள் தாமாகவே இந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35 டாலரை 2022-இல் 10 டாலராகக் குறைத்தது. இந்தக் கட்டணம் இல்லாமல் வங்கி நடத்த முடியாது என்ற பேச்சை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, ஒரு நாள் தாமதத்தால் நேர்ந்தது, கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். முதல் முறை தவறிய நல்ல வாடிக்கையாளருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அந்த மேசையில் இருப்பவருக்கே பெரும்பாலும் உண்டு. கேட்காதவருக்கு அதை அவர் தாமாகத் தருவதில்லை. எதிர்முனையில் பேசுபவர் இந்த விதிகளை எழுதியவர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். அது பலிக்காவிட்டால், எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். புகாரில் உணர்ச்சியைவிட எண்கள் பேசட்டும்: பற்றுகள் வந்த நேரம், எழுதப்பட்ட வரிசை, வந்த வரிசையில் கழித்திருந்தால் ஒரு கட்டணம் மட்டுமே ஆகியிருக்கும் என்ற கணக்கு, அட்டையின் வரம்பைத் தாண்டியது வங்கியின் சொந்தப் பதிவுகளால்தான் என்ற செய்தி, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். வங்கி மறுத்தாலோ பதில் தராவிட்டாலோ, கட்டணமின்றி விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் பல நாடுகளில் இருக்கிறார். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாள்கள் ஆகியும் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் அங்கே செல்லலாம்; வழக்கறிஞர் தேவையில்லை.

கோபத்தில் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடாதீர்கள். எதிர்மறை இருப்புள்ள கணக்கு தூங்குவதில்லை. கட்டணமும் வட்டியும் சேர்ந்து, பின்னர் கடன் தகவல் அறிக்கையில் உங்கள் பெயருக்கு எதிராக வந்து நிற்கும். புகார் நடக்கும் காலத்திலும் கணக்கைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அட்டையின் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுங்கள். அதனால் உங்கள் உரிமை எதுவும் பறிபோகாது.

இனி நேராமல் இருக்க, வாடகையின் நாளைச் சம்பள நாளுக்கு நான்கைந்து நாள் தள்ளி வைக்கும்படி உரிமையாளரிடமும், மற்றவற்றை நிறுவனங்களிடமும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு கடிதத்தில் மாற்றித் தருவார்கள். இருப்பு ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் பதிவு செய்யுங்கள். டெபிட் கார்டுக்கும் கடன் அட்டைக்கும் மிகைப்பற்று அல்லது வரம்பு மீறல் வசதி இயக்கத்தில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கடை மேசையில் அட்டை மறுக்கப்படும் சிறு சங்கடம் ஒரு நிமிடத்தில் கடந்துபோகும். ஆனால் அமெரிக்காவில் 2010 முதல் உள்ள சம்மத விதி தானியங்கி இயந்திரத்துக்கும் ஒருமுறை டெபிட் கார்டுச் செலவுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதையும், காசோலையும் மாதாந்திரத் தானியங்கிப் பற்றும் அதற்குள் வராது என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு நேர்ந்தது போன்ற நிகழ்வை அந்த மறுப்பு மட்டும் தடுக்காது. வருமானம் அடிக்கடி முன்பின்னாக வரும் வேலையாக இருந்தால், ஒரு சிறு தொகைக்கு முன்னேற்பாடு செய்த மிகைப்பற்றை நீங்களே கேட்டு வாங்கி, அதன் வட்டியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

புகார்க் கடிதத்தின் கடைசிப் பத்தியில், வாடகைக்குக் குறைந்த தொகைக்கான ஒரு நாள் வட்டியையும் ஒரு முறைக்கான நியாயமான நிர்வாகச் செலவையும் செலுத்தத் தயாராக இருப்பதாக எழுதுங்கள். உங்கள் பங்கை ஒப்புக்கொள்ளும் அந்த வரி, மற்றவற்றைக் கேட்கும் வரிகளுக்கு வலுச் சேர்க்கும்; குறைதீர்ப்பாளர் முன் கோப்பு போகும்போது அவர் கண்ணில் முதலில் படுவதும் அதுவாகவே இருக்கக்கூடும். வங்கியிடமிருந்து பதில் வந்ததும், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.